கோவிந்தப்பாவின் ஆட்சேபணை

செத்துப்போனவர்களுக்கு டீ கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை எல்லாருக்கும் வாய்ப்பதில்லை. சரசுவுக்கு வாய்த்தது.

பெங்களூரில், காக்ஸ் டவுனிலிருந்து ஜீவனஹள்ளிக்கு இறங்குகிற தெருவில் ஒரு பழைய பங்களா. ஓட்டுக்கூரை, ஜன்னலுக்கு மேலே மரச்சட்டம், வாசலில் துருப்பிடித்த இரும்புக் கேட். அந்தக் கேட்டை ஒட்டித்தான் சரசுவின் டீ வண்டி நின்றது. பங்களாவின் பலகையில் ‘பழமை காப்பு மற்றும் தடையற்ற வணிக மன்றம்’ என்று கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் எழுதியிருந்தார்கள். தெருக்காரர்களுக்கு அவ்வளவு நீளமாகச் சொல்ல ஏது நேரம்? ‘செத்தவங்க ஆபீஸ்’ என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

பெயரில் பொய் இல்லை. மன்றத்தைத் தொடங்கிய சேஷகிரி என்ற குடை ஃபேக்டரி முதலாளி, போவதற்கு முன்னால் ஒரு விதி எழுதிவைத்துவிட்டுப் போனார். உறுப்பினர் செத்தாலும் உறுப்பினர்தான். உயிரோடு இருப்பவன் காலையில் ஒன்று சொல்வான், சாயங்காலம் ஒன்று சொல்வான். செத்தவன்தான் சொன்ன சொல் மாறாதவன். ஆகையால் ஓட்டுப் போடுவதில் செத்தவர்களுக்கும் உரிமை உண்டு. அவர்களுடைய மௌனத்தை ‘எதையும் மாற்றாதே’ என்ற ஓட்டாக எண்ண வேண்டும். இதுதான் விதி. கூட்ட அறையில் செத்த உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் ஒரு நாற்காலி இருந்தது. நாற்காலிக்குப் பின்னால் சுவரில் போட்டோ. மார்கழிக் குளிரிலும் தலைக்கு மேலே ஃபேன்.

கூட்ட நாளில் சரசு ட்ரேயில் டீ கொண்டுபோவாள். இருப்பவர்களுக்கு ஒரு வரிசை, போனவர்களுக்கு ஒரு வரிசை. திரும்ப எடுக்கும்போது இருப்பவர்கள் சர்க்கரை, பிரஷர் என்று பாதியை மிச்சம் வைத்திருப்பார்கள். போனவர்களின் கப்புகள் அடி தெரியக் காலியாக இருக்கும்.

முதலில் அவள் வாட்ச்மேன் சந்தானத்தைத்தான் சந்தேகப்பட்டாள்.

“எங்கம்மா மேல ஆணை சரசு, நான் தொடல. எனுக்கே சுகரு. நீ போடற சக்கரைக்கு நான் குடிச்சா அந்த நாற்காலியில போயி குந்திக்க வேண்டியதுதான்” என்றான் அவன்.

அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை. கேட்காமல் விட்டால்தான் ராத்திரி தூக்கம் வரும் என்று சில விஷயங்கள் இருக்கின்றனவே.

தவிரவும், செத்தவருக்கு டீ ஊற்றுவது அவளுக்குப் புதிதில்லை. அந்த வண்டியைப் போட்டவர் அவள் புருஷன் கோவிந்தப்பா. மூன்று வருஷத்துக்கு முன்னால், வண்டிக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து யாரையோ திட்டிக்கொண்டிருந்தவர், திட்டை முடிக்காமலே சாய்ந்துவிட்டார். வாயென்றால் அப்படியொரு வாய். குப்பை லாரிக்காரனிலிருந்து டிராஃபிக் போலீஸ் வரைக்கும் அவரிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாதவர் அந்தத் தெருவில் இல்லை. தினமும் முதல் கிளாஸ் டீயை வண்டிச் சக்கரத்தடியில் ஊற்றி, “இந்தாய்யா” என்பாள் சரசு. பால் பொங்கும் சத்தத்துக்கு நடுவில் ஒரு செருமல் கேட்கும். அவருடைய செருமல்தான். பீடி குடித்த தொண்டை. இதை அவள் ஒருத்தரிடமும் சொன்னதில்லை.

மகள் ஷோபா வைட்ஃபீல்டில் ஒரு பெரிய அபார்ட்மெண்டில் வேலை பார்த்தாள். “வண்டிய வித்துட்டு எங்கூட வந்துடும்மா” என்று போன் போட்ட போதெல்லாம் கேட்பாள். சரசு பார்க்கலாம் பார்க்கலாம் என்று தட்டிக்கழிப்பாள். இந்த இடத்தை விட்டுவிட்டுப் போனால் மனுஷன் எங்கே வருவார்? வைட்ஃபீல்டுக்கு பஸ் பிடித்து வரவா முடியும்?

இப்படியிருக்கையில் ஒருநாள் மன்றத்தின் இயக்குநர் பாலசுப்ரமணியன் கேட்டைத் தாண்டி வெளியே வந்து அவளிடம் டீ வாங்கிக் குடித்து, “பிரமாதம்” என்றார். கரூர்க்காரர். ஏதோ வெளிநாட்டுக் கம்பெனியில் பெரிய வேலையிலிருந்து ரிட்டயராகி இங்கே வந்தவர். இத்தனை நாளில் அவர் அவள் முகத்தைப் பார்த்ததுகூடக் கிடையாது. வெட்டப்போகிற ஆட்டுக்குத்தான் மாலை போடுவார்கள் என்று சரசுவின் வயிறு சொன்னது.

“நம்ம கேட் பக்கத்துல ஒரு ஃபாரின் டீ கம்பெனி கடை வைக்கப் போறாங்கம்மா. கண்ணாடிக் கடை” என்றார். “டீ நம்ம டீதான். நீலகிரியில பறிச்சு, கப்பல்ல போய், அங்க சின்னப் பொட்டலமாகி, மறுபடி கப்பல்ல நம்மகிட்டயே வருது. அதுக்குப் பேர்தான் தடையற்ற வணிகம்.”

“என்னுதும் நீலகிரி டீதான் சார். கப்பல்ல போவாம நேரா லாரியில வந்துடுது” என்றாள் சரசு.

“அதான் பிரச்சனை. உன் வண்டி நிக்கிற எடத்துலதான் அவங்க கடை வரணும். உலக வணிகத்துக்கு நடுவுல நீ ஒரு தடையா நிக்கறே.”

“நானும் யாவாரம்தானே சார் பண்றேன்?”

“வியாபாரம் பண்றவங்க எல்லாம் வணிகம் பண்றதா ஆயிடாதும்மா.”

சரசுவுக்குத் தலை சுற்றியது. இருந்தாலும் விடவில்லை. “இது பழசக் காப்பாத்துற ஆபீஸ்னு சந்தானம் சொன்னான். நீங்க வர்றதுக்கு முன்னாடியே இந்த வண்டி இங்க நின்னுகினு இருந்துச்சு சார். இது பழசுதானே?”

பாலசுப்ரமணியனுக்கு அந்தக் கேள்வி பிடித்துப்போனது. பேச வாய்ப்புக் கிடைத்தால் அவர் மனசுக்குள் ஒரு மைக் வந்து நின்றுவிடும். “அருமையான கேள்வி. கன்சர்வேடிவ்னா யாரு? ஒரு பழைய வீட்டுல கூடத்து நடுவுல தூண் நிக்குது. இடைஞ்சலா இருக்குன்னு இடிச்சா, அது எதைத் தாங்கிட்டிருந்ததுன்னு கூரை விழுந்தப்புறம்தான் தெரியும். அதனால இடிக்காதேன்னு சொல்றவன் கன்சர்வேடிவ். சரியா? அதே வீட்டோட வாசல் எப்பவும் தொறந்திருக்கணும், எந்த ஊர்ச் சரக்கும் வரணும், போகணும்னு சொல்றது தடையற்ற வணிகம். உள்ளே தூண், வெளியே வாசல். ரெண்டும் சேர்ந்தாதான் வீடு.”

“நான் தூணா சார், வாசலா?”

“நீ வாசல்ல நிக்கறேம்மா” என்றார் அவர். கிளாஸை வைத்துவிட்டு உள்ளே போனார்.

மன்றத்தில் ஆராய்ச்சி செய்கிற அதிதி என்ற பெண் மத்தியானத்தில் வண்டிக்கு வருவாள். டொம்லூரில் வளர்ந்த பிள்ளை. தமிழை இங்கிலீஷில் தோய்த்துத்தான் எடுப்பாள், ஆனால் நல்ல மனசு. சரசு அவளிடம் அழாத குறையாகச் சொன்னாள்.

“ஆன்ட்டி, இவங்க எல்லாருமே இப்படித்தான்” என்று சிரித்தாள் அதிதி. “ஆக்சுவலி இந்தப் பழமைக்காரங்களுக்கும் ஃப்ரீ ட்ரேடுக்கும் ஆரம்பத்துல ஆகவே ஆகாது. இங்கிலாந்துல பெரிய பெரிய நிலக்காரங்க எல்லாம் இவங்க கட்சி. வெளியூர் கோதுமை சீப்பா உள்ள வந்தா அவங்க கோதுமை விக்காதுன்னு அதுக்கு வரி போட்டு வச்சிருந்தாங்க. அந்த வரிய எடுக்கறதா வேணாமான்னு சண்டை வந்து கட்சியே ரெண்டா உடைஞ்சுது. அப்புறம் காலம் மாறிச்சு. இப்ப என்னமோ ஃப்ரீ ட்ரேடே தாத்தா சொத்துங்கற மாதிரி பேசறாங்க. நம்ம சேஷகிரி சாரும் ஸேம். குடை ஃபேக்டரி இருந்தப்ப, வெளிநாட்டுக் குடைய உள்ள விடாதீங்கன்னு டெல்லி வரைக்கும் போனவர். ஃபேக்டரிய வித்தப்புறம்தான் அவருக்கு ஃப்ரீ ட்ரேட் மேல லவ் வந்துச்சு.”

“அப்ப எது பழசு, எது புதுசுன்னு யாரும்மா முடிவு பண்றாங்கோ?”

“மீட்டிங்ல ஓட்டு போட்டு. ஆனா நீங்க பயப்படாதீங்க. கேட் பக்கம் ஒரு கல்ல நகத்தணும்னாகூட ஓட்டு வேணும். அங்க செத்தவங்கதான் மெஜாரிட்டி. அவங்க வாயத் தொறக்கறதில்ல. வாயத் தொறக்கலைன்னா மாத்தாதேன்னு அர்த்தம். உங்க வண்டி ஃபுல் சேஃப்.”

அப்படியேதான் நடந்தது. ‘வண்டியை அகற்றுவது’ என்று தீர்மானம் வந்தது. இருப்பவர்கள் அத்தனை பேரும் கை தூக்கினார்கள். போனவர்கள் வழக்கம்போலச் சும்மா இருந்தார்கள். தீர்மானம் தோற்றது. பாலசுப்ரமணியன் முகத்தில் ஈயாடவில்லை. சரசு அன்றைக்குப் போனவர்களின் டீயில் ஒரு ஸ்பூன் சர்க்கரை கூடப் போட்டாள். இதுவரை பயந்து பயந்து கும்பிட்ட போட்டோக்களை நேராக நிமிர்ந்து பார்த்து, “நல்லா இருங்க சாமி” என்றாள். செத்தவர்களை எப்படி வாழ்த்துவது என்று அவளுக்கு வேறு தெரியவில்லை.

ஆனால் படித்தவன் தோற்றால் சும்மா இருப்பானா? ‘அகற்றுவது’ என்று சொன்னதுதான் பிசகு என்று இயக்குநர் கண்டுபிடித்தார். அடுத்த முறை ‘நடைபாதையின் ஆதி வெறுமையை மீட்பது’ என்று தீர்மானம் கொண்டுவரலாம். நடைபாதை ஆதியில் காலியாகத்தான் இருந்தது. காலியாக இருப்பதுதான் மரபு, வண்டிதான் மாற்றம். இப்போது செத்தவர்கள் வாய் திறக்காமல் இருந்தால் அது வண்டிக்கு எதிரான ஓட்டு! அதிதி மட்டும் குறுக்கே பேசினாள். மன்றம் வருவதற்கு முன்பே வண்டி அங்கே இருந்தது, அந்த இடத்தின் பழைய மனிதர் கோவிந்தப்பா, அவரைக் கேட்காமல் எப்படி என்றாள்.

“அவர் எங்கே இருக்கார்?” என்றார் இயக்குநர்.

“இறந்துட்டார் சார்.”

“இறந்துட்டாரா? அப்ப நம்ம ஆளுதானே!” என்று பாலசுப்ரமணியன் மேசையைத் தட்டினார். அந்தச் சந்தோஷத்தைப் பார்த்தவர்கள் அவருக்கு லாட்டரி அடித்ததாக நினைத்திருப்பார்கள்.

கோவிந்தப்பாவை இறந்தோர் உறுப்பினராகச் சேர்க்கப் போகிறார்கள் என்று கேட்டபோது சரசு கிளாஸ் கழுவுவதை நிறுத்திவிட்டாள். உயிரோடு இருந்தபோது அந்தக் கேட்டுக்குள் அவரை ஒருவரும் விட்டதில்லை. பாத்ரூம் போகக்கூட விட்டதில்லை, ஜீவனஹள்ளி வரைக்கும் நடந்து போய்விட்டு வருவார். இப்போது கூடத்தில் நாற்காலியா? அதோடு, புருஷன் உள்ளே உட்கார்ந்திருக்கையில் வண்டியை எவன் தொட்டுவிடுவான் என்றும் ஒரு தைரியம். போட்டோ கேட்டார்கள். இருந்த ஒரே போட்டோவில், ஷோபா கல்யாணத்தில், சரசு அவர் தோளில் கை வைத்திருந்தாள். ஸ்டுடியோக்காரன் அந்தக் கையை அழித்துவிட்டு, அது இருந்த இடம் தெரியாமல் ஒரு கோட்டையும் டையையும் மாட்டிவிட்டான். கோவிந்தப்பா கோட்டுக்குள்ளிருந்து பார்த்தார். பார்க்க அசப்பில் ஒரு பேங்க் மேனேஜர்.

சந்தன மாலை போட்டு, குத்துவிளக்கு ஏற்றி, பாலசுப்ரமணியன் பேசினார்.

“கோவிந்தப்பா அவர்களை டீக்கடைக்காரர் என்று சொல்வது அவருக்கு இழுக்கு. அவர் ஒரு கலப்படமற்ற சுதந்திர வணிகர். அவருக்குக் கடன் கொடுக்க எந்த பேங்கும் வரவில்லை. பாதுகாப்புக் கொடுக்க எந்தச் சட்டமும் வரவில்லை. கடைசி நேரத்தில் தூக்கிக்கொண்டு போக ஒரு ஆம்புலன்ஸ்கூட வரவில்லை. அரசின் நிழல் படாமலே வாழ்ந்து, அரசின் நிழல் படாமலே மறைந்த மாமனிதர். இப்படிப்பட்ட முழு விடுதலை நம்மில் யாருக்குக் கிடைக்கும்? நமக்கெல்லாம் பென்ஷன் வந்து தொலைக்கிறது.”

எல்லாரும் கைதட்டினார்கள். ஆம்புலன்ஸ் என்ற சொல்லைக் கேட்டதும் சரசு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். பாராட்டு தாங்காமல் அழுகிறாள் என்று நினைத்து இன்னொரு முறை கைதட்டினார்கள்.

மறுநாள் காலையில் சக்கரத்தடியில் டீயை ஊற்றி “இந்தாய்யா” என்றாள். செருமல் வரவில்லை. பால் பொங்கியது, அடங்கியது. ஊற்றிய டீயில் எறும்பு மொய்த்தது. அடுத்த நாளும் அப்படியே. மனுஷனைத் தூக்கி உள்ளே வைத்துவிட்டார்கள், இனி அங்கேதான் இருப்பார் என்று அவளுக்குப் புரிந்தது. புரிந்ததும் பயம் வந்தது. கூட்ட அறையைப் பெருக்குகிற சாக்கில் போய் அவர் நாற்காலிக்கு முன்னால் ஒரு கப் டீ வைத்தாள். மற்றவர்களுக்கும் வைத்தாள், பந்தியில் ஒருத்தருக்கு மட்டும் வைப்பார்களா? ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. சந்தன மாலை மட்டும் லேசாக ஆடியது. கொஞ்ச நேரம் கழித்து வந்து பார்த்தபோது மற்ற கப்புகளெல்லாம் காலி. கோவிந்தப்பாவின் கப் மட்டும் ஏடு படிந்து அப்படியே இருந்தது.

“கோவமா இருக்கியாய்யா?” என்று மெதுவாகக் கேட்டாள். கோட்டுக்குள்ளிருந்து அவர் பார்த்துக்கொண்டேயிருந்தார். கப்பை அப்படியே விட்டுவிட்டு வெளியே ஓடிவந்தாள்.

கூட்டம் ஒரு மழை நாளில் நடந்தது. பெங்களூர் மழைக்கு வேறென்ன தெரியும், வந்ததும் முதல் காரியமாகக் கரண்டைப் பிடுங்கியது. ஃபேன்கள் நின்றன. செத்தவர்களுக்குப் புழுக்கமாக இருக்குமே என்று பாலசுப்ரமணியன் உண்மையாகவே கவலைப்பட்டு ஜன்னலைத் திறக்கச் சொன்னார். ஈரக்காற்றில் போட்டோக்கள் சுவரில் டக்கு டக்கென்று தட்டின. டீ கம்பெனி ஒரு கூடை நிறையப் பொட்டலங்களை அன்பளிப்பாக அனுப்பியிருந்தது. சரசு கெட்டிலோடு கதவோரம் நின்றாள்.

“நடைபாதையின் ஆதி வெறுமையை மீட்கும் தீர்மானம்” என்று இயக்குநர் படித்தார். இருப்பவர்கள் கை தூக்கினார்கள். அதிதி தூக்கவில்லை, ஆனால் அவளுக்கு ஓட்டும் கிடையாது. “இனி, நம்மை விட்டுப் பிரியாத உறுப்பினர்கள். குறிப்பாக, சம்பந்தப்பட்ட கோவிந்தப்பா அவர்கள். ஆட்சேபணை இருந்தால் இப்போது தெரிவிக்கலாம்.”

எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். மழைச் சத்தம் மட்டும் கேட்டது. சரசுவுக்கு அப்போதுதான் விஷயம் விளங்கியது. வண்டியைக் காப்பாற்றுவார் என்று அவள் அனுப்பிவைத்த மனுஷனின் ஓட்டாலேயே வண்டியைத் தூக்கப் போகிறார்கள். அவள் கோட்டுப் போட்ட முகத்தைப் பார்த்தாள். சொல்லுய்யா. ஊரெல்லாம் வாய் கிழியப் பேசுவியே, இப்ப வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லுய்யா. உள்ளுக்குள்ளேயே கெஞ்சினாள்.

“மௌனம் சம்மதம். ஆகவே ஏகமனதாக…” என்று இயக்குநர் தொடங்கினார்.

கெட்டில் கீழே விழுந்தது. ஒரு செருமல் கேட்டது. பீடி குடித்த தொண்டையின் செருமல். அது சரசுவின் வாயிலிருந்து வந்தது.

ஜீவனஹள்ளியில் இதற்கு ஒருவரும் ஆச்சரியப்படமாட்டார்கள். செத்தவர்கள் அவ்வப்போது வேண்டியவர்கள் மேல் இறங்குவார்கள், குறையைச் சொல்வார்கள், எலுமிச்சம்பழமும் கற்பூரமும் வாங்கிக்கொண்டு போவார்கள். ஆனால் மன்றத்தார் செத்தவர்களைச் சுவரில் மட்டுமே பார்த்துப் பழகியவர்கள். சரசுவின் கொண்டை அவிழ்ந்து தொங்கியது. கண் மேலே செருகியது. ஆயுள் உறுப்பினர் ஒருவர் மேசைக்கடியில் போய்விட்டார்.

“எவன்டா எனுக்கு கோட்டு மாட்டி வுட்டது?” என்றது அந்தக் குரல். “மூச்சு முட்டுதுடா டேய்!”

“கோ… கோவிந்தப்பா சார்” என்றார் பாலசுப்ரமணியன். அவரை வாழ்நாளில் முதல்முறையாக சார் என்று கூப்பிட்டார்.

“நல்லா கேட்டுக்கோ. என் வண்டி நவுராது. நான் ஒத்துக்க மாட்டேன். எழுதிக்கோ! அப்புறம், பக்கத்துல குந்திக்கினு இருக்கானே இந்த கொடக்காரன் சேஷகிரி, இவனுக்கும் இஷ்டமில்ல. ஃபாரின் கொடைய உள்ள வுட்டானுங்களேன்னு இன்னும் அழுதுகினுதான் இருக்கான். அழுவுற சத்தத்துல எனுக்கு டீ எறங்க மாட்டேங்குது. உங்களுக்கு மட்டும் காது கேக்கலியா?”

சேஷகிரியின் போட்டோ சுவரில் டக்கென்று தட்டியது. காற்றாகத்தான் இருக்க வேண்டும்.

சந்தானம் மட்டும்தான் அங்கே விவரமறிந்தவன். எலுமிச்சம்பழத்துக்கு ஓடினான். அந்தப் பங்களாவில் எலுமிச்சம்பழம் ஏது? அன்பளிப்புக் கூடையில் மஞ்சள் அட்டையில் எலுமிச்சை படம் போட்ட லெமன் டீ பொட்டலம் இருந்தது. அதை எடுத்துவந்து சரசுவின் தலையை மும்முறை சுற்றினான்.

கோவிந்தப்பா அதை வாங்கி முகர்ந்து பார்த்தார். “இதுல எலுமிச்ச எங்கடா கீது?” என்றார். பிறகு ரொம்பவும் களைத்துப்போன குரலில், “சரசு, எனுக்கு இங்க பிடிக்கல” என்றார். அத்தோடு போய்விட்டார். சரசு தரையில் சரிந்தாள்.

முதலில் சுதாரித்தவர் பாலசுப்ரமணியன். இத்தனை வருஷம் செத்தவர்களின் பெயரால் பேசியவர், செத்தவர் ஒருவர் பேசிக் கேட்டதும் வேர்த்து நனைந்திருந்தார். ஆனாலும் இயக்குநர் இயக்குநர்தான். தண்ணீரைக் குடித்துவிட்டு எழுந்தார்.

“நண்பர்களே, பதற வேண்டாம். நம் நிறுவனர் வகுத்த விதி தெளிவாக இருக்கிறது. இறந்த உறுப்பினரின் லட்சணம் மௌனம். நாம் முன்னோர்களை மதிக்கிறோம் என்றால், அவர்கள் ஒன்றும் பேசமாட்டார்கள் என்ற நம்பிக்கையில்தான் மதிக்கிறோம். பேசுகிறவர் எப்படி இறந்தவராக இருக்க முடியும்? ஆகவே, கோவிந்தப்பா இறந்தவர் அல்ல என்று இந்த மன்றம் தீர்மானிக்கிறது. இறந்தவர் அல்லாததால் அவருடைய உறுப்பினர் பதவி ரத்து. பதவி ரத்தானதால் ஆட்சேபணையும் செல்லாது.”

இருப்பவர்கள் கை தூக்கினார்கள். மேசைக்கடியிலிருந்தும் ஒரு கை வந்தது. போனவர்கள் சும்மா இருந்தார்கள். ஏகமனது. வண்டித் தீர்மானமும் அதே சூட்டில் நிறைவேறியது.

சரசு எழுந்து உட்கார்ந்து முடியை முடிந்துகொண்டாள். நடந்தது அவளுக்கு நினைவில்லை. கடைசியில் காதில் விழுந்தது மட்டும் புரிந்தது.

“எங்க வூட்டுக்காரரு சாவலைன்னு சொன்னீங்களா சார்?”

“மன்றத்தைப் பொறுத்தவரைக்கும், ஆமாம்மா.”

“உயிரோட கீறாரா?”

“தீர்மானப்படி.”

“எங்க சார் கீறாரு?” என்றாள். இயக்குநர் காகிதத்தைப் புரட்டினார். “எங்கன்னு சொல்லுங்க சார். மூணு வருஷமாச்சு வூட்டுக்கு வந்து.”

பாலசுப்ரமணியன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அஜெண்டாவில் அடுத்த பொருளுக்குப் போகலாம் என்றார்.

வண்டியைத் தூக்கிப்போட்டுவிட்டு அந்த இடத்தில் கண்ணாடிக் கடை வைத்தார்கள். திறப்பு விழா அன்றே சரசு ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து கடை வாசலில், நடைபாதையில், உட்கார்ந்தாள். கடையின் செக்யூரிட்டி பையன் ஓடிவந்தான். “அம்மா, இல்லி கூத்கோபேடி. இங்க உக்காரக் கூடாது.”

“எங்க வூட்டுக்காரருக்காகக் காத்துகினு கீறேன் கண்ணு. உயிரோட கீறாருன்னு உள்ளாற ஆபீஸ்ல எழுதி வெச்சிக்கிறாங்கோ. கடைசியா இந்த எடத்துலதான் குந்திக்கினு இருந்தாரு. வந்தா இங்கதானே தேடுவாரு?”

பையன் மன்றத்துக்குப் போய்க் கேட்டான். தீர்மானம் அப்படித்தான் இருக்கிறது என்றார்கள். கடைக்காரர்கள் போலீஸைக் கூப்பிட்டார்கள். போலீஸ்காரரும் மன்றத்துக்குள் போய், அவர்கள் காட்டிய தீர்மானத்தைப் படித்து, தலையைச் சொறிந்துகொண்டு திரும்பி வந்தார். புருஷனுக்காகக் காத்திருப்பதற்குச் செக்ஷன் கிடையாது என்று சொல்லிவிட்டு ஒரு லெமன் டீ குடித்துவிட்டுப் போனார். வருகிறவர்கள் கண்ணாடி வழியாக அவளைப் பார்த்தார்கள். காகிதக் கப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, அந்தம்மா யார், ஏன் அப்படி உட்கார்ந்திருக்கிறார் என்று கேட்டார்கள். விஷயம் தெரிந்ததும் டீயை வைத்துவிட்டுக் கிளம்பினார்கள். கம்பெனி முணுமுணுக்கத் தொடங்கியது.

மன்றத்துக்கு இப்போது வழி ஒன்றுதான். கோவிந்தப்பா இறந்துவிட்டார் என்று தீர்மானம் போட வேண்டும். போட்டால் அவர் மறுபடி உறுப்பினர். அவர் சொன்ன ஆட்சேபணைக்கும் உயிர் வந்துவிடும். கண்ணாடிக் கடையைத் தூக்க வேண்டும். அதற்கு மேல், ஒருமுறை போட்ட தீர்மானத்தை மாற்றினால் பிறகு அது என்ன பழமை காப்பு மன்றம்?

ஒரு சாயங்காலம் பாலசுப்ரமணியனின் கார் கேட்டருகே நின்றது. அவர் கண்ணாடியை இறக்கினார். இளைத்துப்போயிருந்தார். இப்போதெல்லாம் கூட்ட அறைக்குத் தனியாகப் போவதில்லை என்று சந்தானம் சொல்லியிருந்தான்.

“சரசும்மா, அதெல்லாம் ஒரு நடைமுறைக்காகச் சொன்னது. அவர் செத்துட்டார்னு உனக்கே தெரியாதா?”

“எனுக்குத் தெரியும் சார்” என்றாள் சரசு. “வாய்க்கரிசி போட்டது நானு. ஒங்க ஆபீஸுக்குத்தான் தெரியல. இப்ப சொன்னீங்களே, அத உள்ளாற போயி சொல்லுங்க. நான் எழுந்து போயிடறேன்.”

அவர் பங்களாவைப் பார்த்தார். உள்ளே ஃபேன்கள் சுற்றும் சத்தம் தெருவரைக்கும் கேட்டது. கார் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

சரசு உட்கார்ந்தே இருந்தாள். பொய்த் தீர்மானம் என்று அவளைவிட யாருக்கு நன்றாகத் தெரியும்? ஆனாலும் பின்னால் கேட் கிரீச்சிடும்போதெல்லாம் கழுத்து தானாகத் திரும்பியது. செத்தவருக்காக அவள் அழுது முடித்திருந்தாள். இப்போது உயிரோடு இருக்கிறவருக்காக மறுபடியும் முதலிலிருந்து காத்திருக்க வேண்டியிருந்தது.